கித்தேரிக்கு மூன்று மதிப்பெண்

சூசைக்கரையில் வயது வந்தவர்கள் இருநூற்றுப் பதின்மூன்று பேர். அவர்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வாரிதி எனர்ஜி கம்பெனியைப் பிடித்திருந்தது. ஒருத்திக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒருத்தியைக் கவனிப்பதற்காகத்தான் சென்னியப்பனை ஈரோட்டு அலுவலகத்திலிருந்து மாற்றி அனுப்பினார்கள்.

"பேரு கித்தேரி. நாற்பத்தேழு வயசு. மீன் ஏலம் விடறவங்க," என்றாள் பானுரேகா. கம்பெனியின் சமூக உறவுப் பிரிவுக்குத் தலைவி அவள். சென்னையிலிருந்து திரையில் பேசிக்கொண்டிருந்தாள். "மூணு மார்க், சென்னியப்பன். நூத்துக்கு மூணு. ஒன்றரை வருஷமா அசையாம மூணு."

"ஒருத்தர்தானுங்களே மேடம். ஊரோட சராசரி எழுபத்தொண்ணு இருக்குதுங்க."

"சராசரிய யாரு கேட்டா? சட்டத்தப் படிச்சீங்களா இல்லையா?"

படித்திருந்தான். கடலோ காற்றோ வெயிலோ, ஓர் ஊரின் பொதுச்சொத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் கம்பெனிமேல் அந்த ஊர் மக்களுக்கு உண்மையான நல்லெண்ணம் இருக்க வேண்டும் என்றது புதிய சட்டம். வாயால் சொல்லும் நல்லெண்ணம் செல்லாது. பிரியாணிப் பொட்டலம் கொடுத்தால் யாரும் எதற்கும் கைதட்டுவார்கள் என்பது அதற்குள் நாட்டுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அதனால் ஆளுக்கொரு மனமானி. இடது மணிக்கட்டில் ரப்பர் வளையல் மாதிரி இருக்கும். கம்பெனியின் பெயர் காதில் விழும்போதும் அதன் சின்னம் கண்ணில் படும்போதும் நாடி எப்படித் துடிக்கிறது, தோல் எப்படி வியர்க்கிறது என்று குறித்துக்கொண்டு மதிப்பெண் போடும்.

ஊரின் சராசரி அறுபதுக்கு மேல் இருக்க வேண்டும். அதோடு விட்டிருந்தால் வாரிதிக்குக் கவலையே இல்லை. சட்டம் எழுதியவர்கள் நல்லவர்கள். ஊரே ஒரு பக்கம் நின்றாலும் தனியாக நிற்கிறவரைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து இன்னொரு வரி சேர்த்தார்கள்: ஒரே ஒருவருடைய மதிப்பெண்கூடப் பத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. தொடர்ந்து மூன்று ஆய்வுகளில் அப்படி இருந்தால் உரிமம் ரத்து.

இரண்டு ஆய்வுகள் முடிந்துவிட்டன. மூன்றாவதற்கு ஆறு வாரம் இருந்தது.

"அவங்களுக்கு என்ன வேணும்னு கண்டுபிடிங்க. வாங்கிக் கொடுங்க. உங்களுக்கு அது ஒண்ணுதான் வேலை," என்றாள் பானுரேகா.

சென்னியப்பன் சூசைக்கரைக்கு ஏழாவது சமூக உறவு அலுவலர். முப்பத்திமூன்று வயது, ஈரோட்டுப் பக்கத்துக்காரன், கடலை அதற்கு முன் இரண்டு முறைதான் பார்த்திருந்தான். ஊர் எல்லையில் அடுத்தடுத்து மூன்று பேருந்து நிழற்குடைகள் நிற்பதைப் பார்த்தபோதே அவனுக்கு லேசாகப் பயம் வந்தது. பேருந்து ஒன்றுதான் வரும். அது நான்காவது இடத்தில், வெயிலில் நிற்கும்.

கடலில் இரண்டு மைல் தள்ளி கம்பெனியின் மஞ்சள் மிதவைகள் வரிசையாக அலையில் தலையாட்டிக்கொண்டிருந்தன. அந்த ஆட்டத்திலிருந்துதான் மின்சாரம். ஊர்க்காரர்கள் அவற்றை மஞ்சமாடு என்றார்கள். ஆறு வருஷமாக வீடுகளுக்கும் ஐஸ் ஆலைக்கும் இலவச மின்சாரம். அது போதாதென்று கம்பெனி கொடுத்துக்கொண்டே இருந்தது. வாசகசாலை இரண்டு, உடற்பயிற்சிக் கூடம் இரண்டு, வீட்டுக்கு மூன்று தையல் இயந்திரம். தையல் இயந்திரங்களில் கோழிகள் அடைந்தன.

ஊரும் சும்மா இருக்கவில்லை. ஆய்வுக்கு முன்னால் மதிப்பெண் கொஞ்சம் இறங்கினால் புதிதாக ஏதாவது வந்து இறங்கும் என்று கண்டுபிடித்திருந்தது. பொய்க்கோபம் மனமானியிடம் செல்லாது; எனவே நிஜமாகவே கோபப்படப் பழகினார்கள். முன்பு ஒரு திறப்புவிழாவில் சிறப்பு விருந்தினர் தாளைப் பார்த்து ஊர்ப் பெயரைச் 'சொத்தைக்கரை' என்று வாசித்திருந்தார். அந்தக் காணொளியைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, வேண்டிய மாதத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.

சென்னியப்பனுக்குச் சால்வை போட்டு வரவேற்றவர் ஊர்க் கமிட்டித் தலைவர் இஞ்ஞாசி. ஐம்பத்தெட்டு வயது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நல்ல குரல். கம்பெனியின் எந்த விழாவிலும் நன்றியுரை அவருடையதுதான்.

"கம்பெனி எங்களுக்குக் கண்ணு மாதிரி. அந்தக் கித்தேரிதான் கண்ணுல விழுந்த தூசி. நீங்க வந்துட்டிய, சரியாயிரும்," என்றார்.

மறுநாள் காலை ஏலக் கொட்டகையில் சென்னியப்பன் அவளைப் பார்த்தான். மற்ற ஏலக்காரர்கள் முன்னால் கூடை கூடையாக மீன் குவிந்து கிடக்க, கித்தேரி முன்னால் ஒரே ஒரு கூடை இருந்தது. அதிலும், கரையில் உதிர்ந்ததைப் பொறுக்கிய காரல்பொடி மீன் கால் கூடைதான். அவள் அதை விற்கும் அவசரத்தில் இல்லை.

"நீங்கதான் ஏழாவதா?" என்றாள்.

"ஆமாங்கம்மா. சென்னியப்பனுங்க."

"அஞ்சாவதா வந்தவரு ஃபிரிட்ஜ் கொண்டாந்தாரு. ஆறாவதா வந்த புள்ள கால்லயே விழுந்திட்டா. நீங்க என்ன கொண்டாந்திருக்கிய?"

"ஒண்ணும் கொண்டாரலீங்க. உங்களக் கேட்டுட்டு அப்புறம் வாங்கலாம்னு."

"அந்தமட்டுக்கு நல்லது. உக்காருங்க."

கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தான். சுற்றிலும் இருந்தவர்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

"உங்களுக்குக் கம்பெனிமேல என்னங்க கோபம்?"

"அதத்தான் நானும் ஒன்றரை வருசமா யோசிக்கேன்," என்றாள் கித்தேரி. "கரண்டு வருது. ஐஸ் வருது. மஞ்சமாடு தலையாட்டும்போது பாக்கவும் நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கோவம்னு ஒண்ணும் தெரியல. ஆனா மிசினு மூணுங்குது. எம் மனசு எனக்கு அதிகமாத் தெரியுமா, மிசினுக்கு அதிகமாத் தெரியுமா?"

"உங்க மார்க்கு உங்களுக்கு எப்படிங்க தெரியும்? அத யாருக்கும் சொல்லக் கூடாதுங்களே."

"அந்த ஃபிரிட்ஜ்காரரு ஊர விட்டுப் போற அன்னைக்கு டீக்கடையில சொல்லிட்டுப் போயிட்டாரு."

அதற்குப் பிறகு நடந்ததையும் அவளே சொன்னாள். புகாராகச் சொல்லவில்லை, பருவமழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னாள். முதலில் அவள் டீக்கடைக்குப் போனால் நாலு பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பிறகு கமிட்டி கூடி, மனம் மாறும்வரை அவளுக்கு ஏலத்துக்கு மீன் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தது. அவள் மகள் ஜெனோவாவுக்கு அதே ஊரில் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை கம்பெனியின் படகில் வேலை பார்க்கிறவன். அவன் வீட்டார், ஆய்வு முடியட்டும், பிறகு கோயிலில் கல்யாண ஓலை எழுதலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"எனக்காவ கோயில்ல ஒம்பது நாள் நவநாள்கூட வச்சாக. இஞ்ஞாசி அண்ணாச்சிதான் முன்னால நின்னு நடத்துனாக. யாரோ பாவம்னு நானும் போயி முழங்கால் போட்டேன். யாருக்காவ வேண்டுதோம்னு கேட்டா, உனக்காவத்தாம்னாக."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். பிறகு அவளே சிரித்ததால் அவனும் சிரித்தான்.

அடுத்த மூன்று வாரம் அவன் செய்யாதது இல்லை. ஏலத்துக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தான்; அவள் குரலுக்கு முன்னால் அது எடுபடவில்லை. வேளாங்கண்ணிக்குக் கார் ஏற்பாடு செய்தான். போய் வந்தாள், காரைப் பாராட்டினாள், மூன்றுதான். மனநல ஆலோசகர் ஒருவரை வரவழைத்தான். அவர் இரண்டு நாள் கித்தேரியோடு பேசிவிட்டு, தன் மாமியாரோடு தனக்கு இருக்கும் மனஸ்தாபத்துக்கு நல்ல வழி கிடைத்ததாகச் சொல்லி நன்றியோடு திரும்பிப் போனார். மூன்றுதான்.

ஆய்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் மூன்றாவது உடற்பயிற்சிக் கூடத்தின் திறப்புவிழா வந்தது. காலை பத்து மணி, பந்தல், மேடை. எடை தூக்கும் சாமான்களைப் பார்த்து ஐஸ் பெட்டி தூக்குகிற ஆட்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். கித்தேரிக்கு முதல் வரிசையில் பெயர் எழுதிய நாற்காலி போட்டிருந்தது. அவள் கடைசி வரிசையில் தூணோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

சென்னியப்பன் பந்தல் ஓரத்தில் டேப்லட்டோடு நின்றான். ஊரில் ஒவ்வொருவருடைய மனமானியும் அந்த நொடியில் என்ன சொல்கிறது என்பதை அதில் கோடாகப் பார்க்கலாம். அந்த நேரடிக் கோடுகளைப் பார்க்கும் உரிமை அவனுக்கும் ஆய்வு அதிகாரிக்கும் மட்டும்தான் உண்டு. கித்தேரியின் கோட்டைத் திறந்தான். தொகுப்பாளர் 'வாரிதி எனர்ஜி' என்று சொன்னதும் கோடு சரிந்தது. மறுபடி சொன்னார், மறுபடி சரிந்தது. 'அடுத்து நன்றியுரை, தலைவர் இஞ்ஞாசி அவர்கள்' என்றதும் விழுந்தது. இஞ்ஞாசி மைக்கைப் பிடித்து, "எங்கள் வாழ்வில் ஒளியேற்றிய வாரிதிக்குக் கோடானுகோடி நன்றி," என்றபோது கோடு பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

இவ்வளவு வெறுப்பா என்று சென்னியப்பன் நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தான்.

கித்தேரி தூங்கிக்கொண்டிருந்தாள். மிக்சர் பொட்டலம் மடியில் இருக்க, வாய் லேசாகத் திறந்திருக்க, தலையைத் தூணில் சாய்த்து நிம்மதியாகத் தூங்கினாள். அவன் பூனை மாதிரி நடந்து அவளருகே போய் நின்றான். மெல்லிய குறட்டைகூட இருந்தது. மேடையில் இஞ்ஞாசி தண்ணீர் குடிக்க நிறுத்தினார், கோடு அமைதியானது. தொண்டையைச் செருமி, "மீண்டும் ஒருமுறை வாரிதிக்கு," என்றார், கோடு விழுந்தது. கித்தேரி அசையவில்லை.

சென்னியப்பன் இஞ்ஞாசியின் கோட்டைத் திறந்தான். குளத்துத் தண்ணீர் மாதிரி நேர்கோடு. தூங்குகிறவர்களின் நாடி அப்படித்தான் இருக்கும்.

அலுவலகத்துக்கு ஓடிப்போய்ப் பழைய பதிவேட்டை எடுத்தான். மனமானிகளை ஊரில் கட்டிவிட்ட அன்று முதலாவது அலுவலர் கையால் எழுதிய பட்டியல் அதில் இருந்தது. கித்தேரிக்குக் கட்டியது நூற்றுப் பதினெட்டு. இஞ்ஞாசிக்குக் கட்டியது நூற்று எண்பத்தொன்று. கணினியில் ஏற்றியபோது யாரோ இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தார்கள். ஒன்றரை வருஷமாக ஊர் கித்தேரியிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்த மூன்று மதிப்பெண் இஞ்ஞாசியுடையது.

அப்படியென்றால் கித்தேரியின் மதிப்பெண் என்ன? இஞ்ஞாசியின் பெயரில் இருந்த பழைய கணக்கைப் புரட்டினான். ஆரம்பத்தில் எழுபத்துநான்கு. ஊரிலேயே அதிகம். டீக்கடையில் அவள் பெயர் அடிபட்ட வாரம் அறுபது. ஏலத்துக்கு மீன் வருவது நின்ற வாரம் நாற்பத்தைந்து. நவநாள் முடிந்தபோது முப்பத்தெட்டு. மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிய வாரம் இருபத்தொன்று. சென்னியப்பன் வந்த பிறகும், ஒலிபெருக்கிக்கு ஒன்று, காருக்கு ஒன்று, ஆலோசகருக்கு ஒன்று என்று இறங்கி இப்போது பதினெட்டில் நின்றது.

நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பானுரேகாவுக்குச் சொன்னால் பெயர்களைத் திருத்திவிடுவாள். திருத்தினால் வேறொருவர் அந்த மூன்றைச் சுமப்பார். ஊர் அவர் பக்கம் திரும்பும். திரையை மூடிவிட்டு நேரே கித்தேரியின் வீட்டுக்குப் போனான். யாருடைய மதிப்பெண்ணையும் வெளியே சொன்னால் வேலை போகும் என்பது வழியில்தான் ஞாபகம் வந்தது. திரும்பவில்லை.

கித்தேரி முழுவதையும் கேட்டாள். மகள் ஜெனோவாதான் அழுதாள்.

"அப்ப நான் தப்பு ஒண்ணும் நெனைக்கல," என்றாள் கித்தேரி கடைசியில்.

"இல்லீங்கம்மா. ஊர்லயே நீங்கதானுங்க எங்கள ரொம்ப நல்லா நெனச்சிருக்கீங்க."

"ராத்திரி ராத்திரி எம் மனசத் தோண்டிப் பாத்தனே. எங்கயோ ஒரு மூலையில கெட்ட எண்ணம் கெடக்கு, எனக்கு அகப்படலன்னு." எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "வாங்க, அண்ணாச்சியப் பாத்துட்டு வருவம்."

இஞ்ஞாசி வீட்டு முற்றத்தில் சால்வைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. மாதம் ஒருமுறை வெயிலில் போடாவிட்டால் பூச்சி விழும். சென்னியப்பன் சொல்லி முடிக்கும்வரை அவர் சிரித்த முகத்தோடு கேட்டார். பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கா? எனக்குக் கம்பெனிமேல என்ன கோவம்? நானில்லா நவநாள் நடத்துனேன்."

"கேட்டுப் பாருங்க அண்ணாச்சி, உங்க மனச," என்றாள் கித்தேரி. "நான் ஒன்றரை வருசம் கேட்டேன். நீங்க ஒரு அஞ்சு நிமிசம் கேளுங்க."

அவர் கொடியில் கிடந்த சால்வைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விழான்னா முந்துன நாள் ராத்திரி உறக்கமே வராது," என்றார் மெதுவாக. "வயசாயிட்டுல்லா, அதனாலன்னு நெனச்சேன். நூத்திப் பதினாறு தடவ நன்றி சொல்லிருக்கேன், தம்பி. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கையையும் நீட்டி, முதுக வளச்சு வாங்கணும். போட்டோக்காரன் இன்னும் குனிங்கம்பான். எங்கிட்ட மூணு வள்ளம் இருந்த காலத்துல, மீன் கெடைக்காத வீட்டுக்கு நான் கொடுத்தனுப்புவேன். வாங்குறவுக முகத்தப் பாக்க மாட்டேன், அவுக கூசுவாகன்னு. இவனுவ நம்ம கடல எடுத்துக்கிட்டு நம்ம முகத்தப் போட்டோ புடிக்கானுவ. ஒருக்கா, ஒரே ஒருக்கா, உங்க கடலுக்கு நன்றின்னு அவனுவ சொல்லிருக்கானுவளா?"

சொல்லி முடித்ததும் தானே பயந்துபோனார். "நான் என்ன பேசுதேன் பாருங்க. கரண்டு போயிருமே."

"எனக்கு மீன் கொடுக்காதியன்னு சொன்னது ஆரு?" என்றாள் கித்தேரி.

"கமிட்டி."

"கமிட்டின்னா?"

"நாந்தான்," என்றார் இஞ்ஞாசி.

சென்னியப்பன் டேப்லட்டைத் திறந்தான். "பேரத் திருத்திடறனுங்க. தலைமை அலுவலகத்துக்கு இன்னைக்கே..."

"திருத்தாதிய," என்றாள் கித்தேரி.

"அம்மா, உங்கமேல பழி..."

"அண்ணாச்சி தாங்க மாட்டாக. டீக்கடையில நாலு பேரு இவுகளப் பாத்து கிளாஸக் கீழ வச்சா, மறுநாளே ஊர விட்டு ஓடிருவாக. எனக்குப் பழகிப்போச்சு. மூணு எம் பேருலயே கெடக்கட்டும்." அவள் இஞ்ஞாசியின் பக்கம் திரும்பினாள். "ஆனா நாளைக்குக் காலையில எனக்கு மீன் வரணும். எல்லா வள்ளத்துலயிருந்தும்."

இஞ்ஞாசி தலையாட்டினார்.

"பொறவு, தம்பி, உங்க மேடத்துக்கிட்டச் சொல்லுங்க. கித்தேரிக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுபோச்சுன்னு."

பானுரேகா அன்றைக்கே திரையில் வந்தாள். கித்தேரியின் நிபந்தனையைச் சென்னியப்பன் விளக்கினான்: ஊர் ஒரு விழா எடுக்கும். கம்பெனியின் எம்.டி. வர வேண்டும். ஊர் சார்பில் இஞ்ஞாசி ஒரு பரிசு கொடுப்பார். எம்.டி. அதை வாங்கிக்கொண்டு நன்றியுரை சொல்ல வேண்டும்.

"அவ்வளவுதானா? செலவு?"

"ஊருதுங்க."

"ஊருதா?" பானுரேகா முகம் மாறியது. "அது முடியாது சென்னியப்பன். நம்ம விதிப்படி கம்பெனி ஆளுங்க யாரும் வெளியாருக்கிட்டப் பரிசு வாங்கக் கூடாது. வாங்குனா நேர்மைக் குழுவுக்குப் போகணும். என்ன பரிசு?"

"சீலா மீனுங்க. பன்னெண்டு கிலோ."

நேர்மைக் குழு நான்கு நாள் கூடிப் பேசியது. மீன் லஞ்சமா என்பதில் இரண்டு கருத்து இருந்தது. கடைசியில், கெட்டுப்போகும் பொருள் நெடுநாள் செல்வாக்குக்குப் பயன்படாது என்ற அடிப்படையில் அனுமதி வந்தது.

ஆய்வுக்குப் பத்து நாள் இருக்கையில் விழா நடந்தது. இந்த முறை மேடை நடுவில் இருந்த பெரிய நாற்காலியில் இஞ்ஞாசி உட்கார்ந்தார். எம்.டி. ஓரத்து நாற்காலியில், கோட்டும் சூட்டுமாக, தன் பெயர் எப்போது கூப்பிடப்படும் என்று தெரியாமல் காத்திருந்தார். அதற்கு முன் ஊரில் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் அவர் பெயரைத் தப்பாகச் சொன்னார்கள். கித்தேரி அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை, அது தானாக நடந்தது.

பிறகு மீன் வந்தது. நான்கு அடி நீளம், வெள்ளி மாதிரி மின்னியது. இஞ்ஞாசி எழுந்து அதை இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார். எம்.டி.க்கு வாங்கத் தெரியவில்லை. வாழ்க்கையில் அதுவரை அவர் மேடையில் கொடுத்துத்தான் பழக்கம். கைகளை முதலில் குலுக்க நீட்டினார், பிறகு கும்பிட்டார், கடைசியில் குழந்தையை வாங்குவது போல ஏந்திக்கொண்டார். மீன் வழுக்கியது. மார்போடு சேர்த்து அணைத்தார்.

"இன்னும் கொஞ்சம் குனிங்க சார்," என்றான் போட்டோக்காரன், பழக்கதோஷத்தில்.

"இப்போது நன்றியுரை," என்றார் தொகுப்பாளர்.

நன்றியுரை எழுதிய தாள் எம்.டி.யின் கோட்டுப் பைக்குள் இருந்தது. கைகளில் மீன் இருந்தது. யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று இரண்டு பக்கமும் பார்த்தார். சென்னியப்பன் ஓர் அடி எடுத்து வைத்தான். கித்தேரி பார்த்த பார்வையில் நின்றுகொண்டான்.

"சூசைக்கரை மக்களுக்கு..." எம்.டி. மைக்கை நோக்கிக் குனிந்தார். மீனின் வால் மைக்கில் இடித்து 'டொக்' என்றது. "இந்த மீனுக்கு நன்றி."

"மீனுக்கு மட்டுமா?" என்றாள் கித்தேரி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. ஏலக் குரல், மைக் தேவைப்படவில்லை.

எம்.டி. மீனைப் பார்த்தார். பந்தலுக்கு அப்பால் தெரிந்த கடலைப் பார்த்தார். மஞ்சள் மிதவைகள் தலையாட்டிக்கொண்டிருந்தன.

"இல்ல," என்றார். குரல் மாறியிருந்தது. "கடலுக்கும். உங்க கடல்லதான் ஆறு வருஷமா சம்பாதிக்கிறோம். நிறையக் கொடுத்திருக்கோம்னு எங்க அறிக்கையில வருஷா வருஷம் போடுவேன். எடுத்ததப் பத்தி ஒரு வரிகூடப் போட்டதில்ல. உங்களக் கேட்டுட்டு எடுத்ததாவும் எனக்கு ஞாபகம் இல்ல. நன்றி. நிஜமாவே நன்றி."

கூட்டம் கைதட்ட மறந்து உட்கார்ந்திருந்தது. பெரிய நாற்காலியில் இஞ்ஞாசி, சிறப்பு விருந்தினர்கள் வழக்கமாகச் செய்வது போல, பரவாயில்லை பரவாயில்லை என்று லேசாகத் தலையை அசைத்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. சென்னியப்பனின் டேப்லட்டில் கித்தேரியின் பெயருக்கு நேராக இருந்த கோடு மூன்றிலிருந்து எழுந்தது. ஒன்பது. பதினாறு. இருபத்தாறு.

அவன் வாய்தவறி, "ஏறுதுங்க," என்று உரக்கச் சொல்லிவிட்டான். ஏறுவது என்றால் எது என்று ஊருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பெண்கள் ஓடிவந்து கித்தேரியைக் கட்டிக்கொண்டார்கள். மனம் திரும்பிட்டியே என்றார்கள். நவநாளின் பலன் என்றார்கள். கித்தேரி யாரையும் தள்ளவுமில்லை, யாரையும் அணைக்கவுமில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மறுநாளே பழத்தட்டோடு வந்தார்கள். ஜெனோவா உள்ளேயிருந்து வந்து தட்டைப் பார்த்தாள்.

"ஆறு மாசம் போகட்டும்," என்றாள். "ஒங்களப் பத்தி நானும் ஒரு ஆய்வு பண்ண வேண்டியிருக்கு."

அரசு ஆய்வு அதிகாரி வந்த அன்று மழை பெய்தது. அவர் அரை நாள் உட்கார்ந்து இருநூற்றுப் பதின்மூன்று எண்களையும் சரிபார்த்தார். சராசரி அறுபத்தொன்பது. பத்துக்குக் கீழே யாரும் இல்லை. கித்தேரி, பத்தொன்பது. கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்தத் தலைவர் இஞ்ஞாசி ஏன் இவ்வளவு இறங்கியிருக்காரு? பதினொண்ணுதான் இருக்கு."

"வேலைப்பளுங்க," என்றான் சென்னியப்பன்.

அவர் போனதும் குடையை எடுத்துக்கொண்டு கித்தேரியின் வீட்டுக்குப் போனான். அவள் மழைக்கு ஒதுக்கி வைத்த கருவாட்டுக்கு உப்பு போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குத் தெரியாத ஒண்ணு சொல்லணுங்க. உங்க சொந்த மார்க்கு. எழுபத்துநாலுல இருந்தது. போன மாசம் பதினெட்டு. விழா முடிஞ்சு எல்லாரும் உங்களக் கட்டிப் புடிச்சாங்களே, அன்னைக்கு இன்னும் ஏழு எறங்கிப் பதினொண்ணு ஆயிருச்சுங்க."

கித்தேரி கையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.

"அப்படியா," என்றாள். "இப்பத்தான் மிசினு எம் மனசச் சரியாச் சொல்லுது."

"நான் என்னங்க செய்யட்டும்?" என்றான்.

"ஒண்ணும் செய்யாதிய."

"செய்யாம இருக்க எங்க கம்பெனியில வழி இல்லீங்க. என்ன கொடுத்தோம்னு மாசாமாசம் ஃபாரத்துல நிரப்பியே ஆகணும். கட்டத்த வெறுமையா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காதுங்க."

"அது உங்க பாடு. ஆரும் எனக்கு ஒண்ணும் கொண்டாராம, ஆரும் எம் மனச எட்டிப் பாக்காம கொஞ்ச நாள் இருக்கணும். அம்புட்டுதான்."

சென்னியப்பன் அலுவலகத்துக்குத் திரும்பி ஃபாரத்தைத் திறந்தான். 'வழங்கிய உதவி' என்ற கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினான். 'பயனாளிகள்' என்ற கட்டத்தில் 'ஒருவர்' என்று எழுதினான். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.

காலையில் அவனுக்குச் செய்ய வேலை இருக்கவில்லை. கால் போன போக்கில் ஏலக் கொட்டகைக்குப் போனான். கித்தேரி முன்னால் முட்டளவுக்கு மீன் குவிந்திருந்தது. சுற்றிலும் வியாபாரிகள். அவள் குரல் கொட்டகைக் கூரையில் பட்டுத் திரும்பியது.

"கம்பெனிக்காரரே," என்றாள் அவனைப் பார்த்து. "வேடிக்க பாக்க எடமில்ல. கேக்குறதுன்னா கேளுங்க. இல்லன்னா நகந்து நில்லுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நகர்ந்திருக்கலாம். ஏனோ சென்னியப்பன் விலை கேட்டான். சாளை மீன் கூடை. பக்கத்தில் நின்ற வியாபாரி அதற்கு மேல் கேட்டார். இவன் இன்னும் மேலே போனான். கித்தேரி இரக்கமே காட்டவில்லை. இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஏற்றிக்கொண்டே போனாள். கடைசியில் அந்த வியாபாரி அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கூடை அவனுக்கு விழுந்தது. ஊர் விலையைவிட நல்ல கூடுதல். கித்தேரி பணத்தை எண்ணி மடியில் செருகிக்கொண்டு அடுத்த கூடைக்குத் திரும்பினாள்.

ஈரோட்டில் அவன் வீட்டில் மீன் சமைக்கிற வழக்கமே இல்லை. கூடையை அலுவலகத்தில் வைத்துக்கொண்டு பகல் முழுவதும் என்ன செய்வதென்று யோசித்தான். சாயங்காலம் மனம் கேட்காமல், எட்டிப் பார்க்கக் கூடாது என்று அவள் சொல்லியும், டேப்லட்டைத் திறந்து, இஞ்ஞாசியின் பெயரில் கிடந்த அவள் மதிப்பெண்ணை ஒருமுறை பார்த்தான்.

பன்னிரண்டு.

திரையை மூடினான். மறுநாள் விடியலில், கையில் ஒரு சாக்குப்பையோடு, ஏலத்துக்கு நேரமாகிவிட்டதே என்று வேகமாக நடந்தான்.